கொட்டாயில் நடந்தது எந்தப் பிரிவில் வரும்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கம் ஓர் ஊரில் 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் நடந்தது இது. சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அங்கேதான் வாழ்கிறார்கள். அதனால் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். விலங்கிடம் பாலியல் வன்கொடுமை செய்தால் அது எந்தப் பிரிவில் குற்றம் என்ற சட்டச் சிக்கல் மட்டும் நடந்தபடியே இருக்கிறது.

கணவரை இழந்த ஒரு பெண். வீட்டுக்குப் பின்னால் தென்னங்கீற்று வேய்ந்த கொட்டாய், அதில் ஆட்டுப் பட்டி. வெள்ளாடு வளர்த்துக் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்பதுதான் பிழைப்பு. ஒரு நாள் நள்ளிரவில் ஆடுகள் கத்துவதைக் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு போனார். அதே ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் பட்டிக்குள் இருந்தார். அங்கே என்ன பார்த்தார் என்பது அவருடைய வாக்குமூலத்தில் நான்கே வரியில் இருக்கிறது. அதற்கு மேல் விவரிக்க இங்கே தேவையில்லை.

கூச்சல் கேட்டு அக்கம்பக்கம் ஓடி வந்தது. அந்த ஆளைப் புளிய மரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்தார். விடிவதற்குள் அது இரண்டு மூன்று வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிட்டது. காலையில் நாலு பெண்கள் சேர்ந்து அந்த ஆட்டின் மேல் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். தீட்டுக் கழிக்க. அந்தத் தண்ணீரோடு வழக்கின் பாதி ஆதாரமும் போனது அப்போது யாருக்கும் தெரியாது.

பிறகு ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. ஆட்டுக்கு என்ன விலையோ அதை அந்த ஆள் கொடுத்துவிட வேண்டியது, ஆட்டை அவரே ஓட்டிக்கொண்டு போய்விட வேண்டியது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் கணக்கில் அது சுத்தமான தீர்வு. சேதப்படுத்தினவன் விலை கொடுத்தான், பொருள் அவனுக்கு. அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீலான என் அலுவலகத்தில் உட்கார்ந்து அதைச் சொன்னபோதும் அவருக்கு ஆத்திரம் அடங்கியிருக்கவில்லை. “அவங்கிட்டயே ஆட்டப் புடிச்சுக் குடுக்கறதாம் சார். இது என்னாங்க ஞாயம்?”

அந்தக் கேள்வியின் முழு கனமும் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. பஞ்சாயத்தின் கண்ணில் ஆடு ஒரு பொருள், நஷ்டம் சொந்தக்காரருக்கு. அந்தப் பெண்ணின் கண்ணில் கெட்டது நடந்தது ஆட்டுக்கு. உலகம் முழுக்க இந்தக் குற்றத்துக்கான சட்டங்கள் வேறுபடுவதும் இந்த இடத்தில்தான். எத்தனை வருடம் ஜெயில் என்பதில் இருக்கும் வித்தியாசமெல்லாம் இதற்கு அடுத்துத்தான். இது யாருக்கு எதிரான குற்றம்? இயற்கைக்கா, சொந்தக்காரருக்கா, விலங்குக்கா? அந்த விடையைப் பொறுத்து, இதே கொட்டாயில் நடந்த இதே சம்பவம் ஒரு நாட்டில் 20 வருடக் குற்றம், இன்னொரு நாட்டில் அபராதச் சீட்டு.

காவல் நிலையத்தில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வழக்குப் பதியவில்லை. புகார் வந்தது என்று காட்டும் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. நான் போய்க் கேட்டபோது எஸ்.ஐ. மழுப்பவில்லை. “முன்னாடின்னா கண்ண மூடிக்கிட்டு 377 போட்டிருப்பேன் சார். இப்ப அது இல்லையே. எந்த செக்‌ஷன்ல போடறதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

377 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி வரை போக வேண்டும். 1533 இல் அவர் காலத்தில் வந்த சட்டம் ஆணுடன் ஆண் உறவையும் விலங்குடன் உறவையும் ஒரே குற்றமாக்கி மரண தண்டனை விதித்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837 இல் வரைவு செய்து, 1860 இல் நிறைவேறிய இந்திய தண்டனைச் சட்டத்தில் அந்தச் சிந்தனை 377 ஆம் பிரிவாக வந்து உட்கார்ந்தது. இயற்கையின் ஒழுங்குக்கு மாறாக ஆண், பெண், அல்லது விலங்கு எதனுடன் உறவு கொண்டாலும் ஆயுள் தண்டனை, அல்லது 10 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். மூன்றும் ஒரே வாக்கியத்தில். அதில் விலங்கு பாதிக்கப்பட்ட தரப்பே கிடையாது, குற்றம் நடக்க ஒரு கருவி மட்டும்தான். ஆடு வலித்ததா, பயந்ததா என்று எந்த நீதிமன்றமும் கேட்க வேண்டியதில்லை. அதனால் நிரூபிப்பதும் சுலபமாக இருந்தது.

2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, சம்மதத்துடன் கூடிய வயது வந்தோரின் உறவை 377 லிருந்து விலக்கியது. சம்மதமில்லாத உறவுக்கும் விலங்குகள் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கும் அந்தப் பிரிவு தொடரும் என்று தீர்ப்பிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தது. ஐந்து வருடம் கழித்துப் புதிய குற்றவியல் சட்டங்களின் மசோதா வந்தபோது 377 முழுதாகவே காணாமல் போயிருந்தது. உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2023 நவம்பரில் கொடுத்த அறிக்கையில் விலங்குகள் தொடர்பான பகுதியையும் சேர்த்து அதைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அரசு ஏற்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. விட்டுப்போனதைச் சேர்க்கக் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, அது ஆகஸ்டில் மத்திய அரசை மனுவைப் பரிசீலித்து முடிவெடுக்கச் சொன்னது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இது நாடாளுமன்றத்தின் வேலை, நாங்கள் உத்தரவிட முடியாது என்று கைவிரித்தது.

ஆக, 2024 ஜூன் 30 இரவு இதே கொட்டாயில் இது நடந்திருந்தால் ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். பழைய சட்டக் காலத்தில் நடந்தவற்றுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதால் அந்த வழக்குகள் இன்றும் நடக்கின்றன. எங்கள் சம்பவத்துக்கு அந்த வழி இல்லை. நடந்தபோது இல்லாத குற்றத்துக்கு ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 20 ஆவது பிரிவு சொல்கிறது. அது நல்ல விதி. இந்த வழக்குக்காக அதில் ஓட்டை போடக் கேட்கும் ஆள் நான் இல்லை.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது?

முதலில் தோன்றுவது 1960 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதில் 11(1)(ஏ) விலங்கை அடிப்பது, உதைப்பது, அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவது, வேறு எந்த வகையிலாவது தேவையற்ற வலியோ துன்பமோ கொடுப்பது எல்லாவற்றையும் தடுக்கிறது. பாலியல் என்ற சொல்லே கிடையாது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. 50 ரூபாய்க்குக் கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஒரு நல்ல சாப்பாடுகூடக் கிடைக்காது. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 25 முதல் 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை. ஜல்லிக்கட்டு தொடர்பான 2014 தீர்ப்பிலேயே உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனைகளைக் கூட்டும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. இன்றுவரை அதே தொகைதான்.

தொகையை விடுங்கள், நடைமுறைதான் கழுத்தறுப்பு. இந்த உட்பிரிவு காக்னிசபிள் கிடையாது. அதாவது மாஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்கவே முடியாது. அதோடு, 36 ஆவது பிரிவு வைத்திருக்கும் கெடு மூன்றே மாதம். சம்பவம் நடந்து மூன்று மாதம் தாண்டிவிட்டால் வழக்கே தொடுக்க முடியாது. ஊர்ப் பஞ்சாயத்து, சமாதானப் பேச்சு, ஸ்டேஷனுக்கு நடையாய் நடப்பது என்று எங்கள் பக்கம் ஒரு புகார் போகும் வேகத்துக்கு மூன்று மாதம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.

அடுத்தது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325. விலங்கைக் கொல்வது, விஷம் வைப்பது, ஊனமாக்குவது, பயனற்றதாக்குவது ஆகியவற்றுக்கு ஐந்து வருடம் வரை சிறை. இது காக்னிசபிள். ஆடு சாகவில்லை, ஊனமாகவில்லை. ஆனால் பயனற்றதாகிவிட்டதா? வீடியோ பரவியதால் அந்த ஆட்டைச் சந்தையில் எவரும் கேட்கத் தயாரில்லை. பாலை யாரும் வாங்கவில்லை. சொத்தின் மதிப்பையோ பயனையோ குறைப்பதும் சேதம் விளைவித்தல் என்றுதான் 324 ஆவது பிரிவின் இலக்கணம் சொல்கிறது. இந்த வாதத்தை நான்தான் எழுதினேன். எழுதும்போதே சங்கடமாக இருந்தது. ஏனென்றால் இது அப்படியே ஊர்ப் பஞ்சாயத்தின் வாதம். ஆடு பொருள், விலை போச்சு, எனவே குற்றம். அந்தப் பெண் எதை ஏற்க மறுத்து என்னிடம் வந்தாரோ அதையே சட்டத் தமிழில் எழுதி நீட்டினேன்.

இந்த வாதத்தின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 325 நிற்பது இன்னொருவருக்கு நஷ்டம் ஏற்பட்டதால்தான். ஒருவர் தன் சொந்த ஆட்டிடம் இதையே செய்தால்? நஷ்டப்பட்டவர் யாரும் இல்லை, 325 வராது. தன் கொட்டாய்க்குள் அத்துமீறல் என்பதும் கிடையாது. 50 ரூபாய் பிரிவு ஒன்றுதான் மிச்சம், அதுவும் வலி நிரூபணமானால்.

மூன்றாவதாக அத்துமீறி நுழைதல், 329(3). மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். சின்னக் குற்றம், ஆனால் காக்னிசபிள். ஒரு புகாரில் பல குற்றங்கள் இருந்து அதில் ஒன்றாவது காக்னிசபிள் என்றால் மொத்தத்தையும் போலீஸ் விசாரிக்கலாம் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 174 ஆவது பிரிவு சொல்கிறது. எனவே எஸ்.ஐ. நினைத்திருந்தால் அன்றைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டு, விலங்குவதைப் பிரிவையும் சேர்த்திருக்கலாம். இதே நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால் இந்த ஒரு பத்தியை அச்செடுத்து ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்கள்.

இதற்கிடையில் அடி வாங்கியவரின் அண்ணன் ஒரு புகார் கொடுத்தார். அது உடனே எஃப்.ஐ.ஆர். ஆனது. 296(பி), 115(2), 351(2). கெட்ட வார்த்தையில் திட்டியது, அடித்தது, மிரட்டியது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இந்த மூன்றும் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி சேர்ந்தே வரும். கட்டி வைத்து அடித்தது குற்றம்தான், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். வீடியோவைப் பரப்பிய பையனுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67 ஆவது பிரிவு காத்திருந்தது. ஆபாசத்தை மின்னணு வழியில் பரப்பினால் முதல் முறைக்கே மூன்று வருடம் வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். திட்டியவருக்குப் பிரிவு இருந்தது, வீடியோவை அனுப்பியவருக்கு இருந்தது. கொட்டாய்க்குள் நடந்ததற்கு மட்டும்தான் பிரிவு தேட வேண்டியிருந்தது.

ஆடு அல்லாமல் உடும்பாக இருந்திருந்தால் கதையே வேறு. 2022 இல் மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி புலிகள் காப்பகத்தில் ஓர் உடும்பைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வேட்டைக்காரர்கள் கைதானது செய்திகளில் வந்தது. உடும்பு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை விலங்கை வேட்டையாடினால் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஏழு வருடம். காயப்படுத்துவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான். எங்கள் மாவட்டத்துக் காட்டில் உடும்பு உண்டு, பட்டியில் ஆடு உண்டு. இரண்டுக்கும் நடுவில் சட்டத்தின் மதிப்பு மலைக்கும் மடுவுக்கும்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் போனால் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரத்தின் குப்பம். மாட்டை வெட்டலாமா கூடாதா என்பது அந்த எல்லைகளைத் தாண்டினால் மாறிவிடும். இந்த விஷயத்தில் மூன்று மாநிலத்திலும் ஒரே வெற்றிடம். மாற்றம் பார்க்க வேண்டுமென்றால் கடல் தாண்ட வேண்டும். தமிழர்கள் வாழும் வேறு மூன்று நாடுகள் இதற்கு நல்ல ஒப்பீடு. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் மூன்றின் தண்டனைச் சட்டங்களும் அதே காலனிய அச்சில் வார்த்தவை.

இலங்கைச் சட்டத்தில் அது 365 ஆவது பிரிவு. ஆண், பெண், விலங்கு என்று அதே பழைய வாக்கியம், 10 வருடம் வரை சிறை. மலேசியா மனிதர்களுக்கான பகுதியைத் தனியாகப் பிரித்து, 377 ஆம் எண்ணை விலங்குகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. 20 வருடம் வரை சிறை, அபராதமோ பிரம்படியோ சேரலாம். சிங்கப்பூர் 2007 திருத்தத்தில் விலங்குகளுக்கென்றே 377பி என்று தனிப்பிரிவு எழுதியது, அதிகபட்சம் இரண்டு வருடம். 20 எங்கே, 2 எங்கே. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்கள் அல்ல, பிரித்து எழுதிய விதம். ஆண்களின் உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை சிங்கப்பூர் 2022 இறுதியில் நீக்க முடிவு செய்தபோது, 377பி அசையாமல் நின்றது. வேண்டாத சுவரை இடித்தார்கள், பக்கத்துச் சுவர் விழவில்லை. இந்தியா கடைசிவரை மூன்றையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தது. சம்மதமுள்ள மனிதரின் உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியது நியாயம். அதை எடுக்கும்போது சம்மதம் சொல்ல வாயில்லாத ஜீவனுக்கு இருந்த ஒரே பிரிவும் சேர்ந்து போய்விட்டது.

மூலச் சட்டத்தைக் கொடுத்த இங்கிலாந்தும் இப்போது எவ்வளவோ மாறிவிட்டது. 2003 ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டத்தில் 69 ஆவது பிரிவு இதற்கானது, அதிகபட்சம் இரண்டு வருடம். ஆனால் அதன் இலக்கணம் மிகக் குறுகலானது. குறிப்பிட்ட வகை உறவு நடந்ததாக நிரூபித்தால்தான் குற்றம், மற்ற பாலியல் செயல்கள் அதில் வராது. விலங்குக்குத் துன்பம் நேர்ந்ததென்றால் விலங்கு நலச் சட்டத்துக்குப் போக வேண்டும். 2021 முதல் அதில் அதிகபட்சம் ஐந்து வருடம்.

இந்த இலக்கணப் பிரச்சினை கனடாவில் பெரிய வெடியாக வெடித்தது. அங்கே குற்றவியல் சட்டத்தின் 160 ஆவது பிரிவு இதைத் தடை செய்திருந்தது, 10 வருடம் வரை சிறையும் உண்டு. ஆனால் எது அந்தக் குற்றம் என்று விளக்கம் எழுதவில்லை. வளர்ப்பு மகள்களுக்கு எதிரான பல குற்றங்களுக்குத் தண்டனை பெற்ற ஒருவர்மீது நாய் சம்பந்தப்பட்ட இந்தக் குற்றச்சாட்டும் இருந்தது. 2016 ஜூனில் கனடா உச்ச நீதிமன்றம், பழைய பொதுச்சட்ட அர்த்தப்படி உடலுறவு நடந்திருந்தால்தான் இது குற்றம், அதை விரிவாக்குவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லி அந்த ஒரு குற்றச்சாட்டில் அவரை விடுவித்தது. நீதிபதி ரோசலி அபெல்லா மட்டும் மாறுபட்டார். கனடா நாடாளுமன்றம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2019 இல் திருத்தம் கொண்டுவந்து, பாலியல் நோக்கத்துடன் விலங்குடன் ஏற்படும் எந்தத் தொடர்பும் குற்றம் என்று எழுதியது. தண்டனை பெற்றவர் இனி விலங்கு வளர்க்கக் கூடாது என்று தடை போடும் அதிகாரத்தையும் நீதிமன்றத்துக்குக் கொடுத்தது.

ஐரோப்பாவில் இன்னொரு விதமான பாதை. அங்கே பல நாடுகள் பழைய ஒழுக்கச் சட்டங்களை ஒட்டுமொத்தமாக எடுத்தபோது, விலங்குகளுக்கான பகுதியும் நம் ஊரில் போலவே போய்விட்டது. சுவீடனில் 1944, மேற்கு ஜெர்மனியில் 1969. விலங்குக்குக் காயமோ துன்பமோ இருந்தால் வதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். பார்த்துக்கொள்ளவில்லை. சுவீடன் 2014 இலும் டென்மார்க் 2015 இலும் மறுபடி தடை செய்தன. டென்மார்க்கின் அப்போதைய உணவு, வேளாண் அமைச்சர் டான் யோர்கென்சென் சொன்ன காரணம் எங்கள் வழக்குக்கு அப்படியே பொருந்தும். விலங்கு துன்பப்பட்டதை நிரூபிப்பது பெரும்பாலும் முடியாத காரியம், எனவே சந்தேகத்தின் பலன் விலங்குக்குப் போக வேண்டும் என்றார். ஜெர்மனி 2013 இல் தடை செய்தது, ஆனால் குற்றமாக அல்ல, விதிமீறலாக. 25,000 யூரோ வரை அபராதம், சிறை இல்லை. அதையும் எதிர்த்துச் சிலர் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனார்கள். விலங்கை அதன் இயல்புக்கு மாறாகக் கட்டாயப்படுத்துவதைத் தடுப்பது சட்டப்படி செல்லும் என்று நீதிமன்றம் 2015 டிசம்பரில் அவர்களைத் திருப்பி அனுப்பியது. சிறையே இல்லாத சட்டம் என்று சிரிக்கலாம். ஆனால் 25,000 யூரோவை நம் 50 ரூபாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்க வேண்டும்.

சொந்த விலங்கு என்ற ஓட்டையை அடைத்த விதத்தில் பிரான்சை எனக்குப் பிடிக்கும். 2004 இல் விலங்குவதைப் பிரிவிலேயே பாலியல் வதையைச் சேர்த்தார்கள். தன் மட்டக் குதிரையிடம் இப்படி நடந்துகொண்ட ஒருவர், நான் வன்முறை எதுவும் செய்யவில்லையே என்று வாதாடினார். 2007 செப்டம்பரில் அந்நாட்டு உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், வன்முறையைத் தனியாக நிரூபிக்கத் தேவையில்லை, செயலே வதை என்று தண்டனையை உறுதி செய்தது. ஆடு என்னுடையது, காயமும் இல்லை என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் தப்பித்துவிடுவார். அங்கே முடியாது.

நேபாளத்தைப் பற்றி ஒரு வரி. அங்கே 2017 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாக்கியிருக்கிறது. பசு என்றால் இரண்டு வருடம் வரை, வேறு விலங்கு என்றால் ஒரு வருடம் வரை. அந்தக் கணக்கில் எங்கள் ஆட்டுக்குப் பாதி நியாயம்.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வாஷிங்டன் மாநிலத்தின் ஈனம்கிளா ஊர்ப் பக்கத்தில் 2005 இல் குதிரை சம்பந்தப்பட்ட ஒரு சம்பவத்தில் காயமடைந்த ஒருவர் இறந்துபோனார். அந்த மாநிலத்தில் அப்போது இதற்குச் சட்டமே இல்லை. கூட இருந்தவர்மீது அரசு வழக்கறிஞரால் போட முடிந்தது, பிறர் இடத்தில் அத்துமீறி நுழைந்த குற்றம் மட்டும். அந்த வழக்கைப் படித்தபோது எனக்கு வேப்பனப்பள்ளிதான் ஞாபகம் வந்தது. எட்டாயிரம் மைல் தள்ளியும் அதே சந்து, அதே பிரிவு. வாஷிங்டன் அடுத்த வருடமே, 2006 இல், இதை ஐந்து வருடம் வரை சிறை தரும் குற்றமாக்கியது. ஒன்றன்பின் ஒன்றாக மற்ற மாநிலங்களும் சட்டம் இயற்றின. 2023 இல் நியூ மெக்சிகோவும் இயற்றிய பிறகு தனிச்சட்டம் இல்லாத மாநிலமாக மேற்கு வர்ஜீனியா நின்றது. எஃப்.பி.ஐ. 2016 முதல் தன் குற்றப் புள்ளிவிவரத்தில் விலங்குகள் மீதான பாலியல் வன்கொடுமையைத் தனி வகையாகவே எண்ணுகிறது.

இனி எங்கள் வழக்கு. மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு அனுப்பி, பயன் இல்லாததால் உறுதிமொழிப் பத்திரத்துடன் மாஜிஸ்ட்ரேட்டிடம் போனோம். நீதிமன்ற உத்தரவின் பேரில் 325, 329(3), விலங்குவதைச் சட்டம் 11(1)(ஏ) மூன்றிலும் வழக்குப் பதிவானது. மூன்று மாதக் கெடு முடியும் தறுவாயில்தான்.

ஆதாரம்தான் எங்களைக் கைவிட்டது. கால்நடை மருந்தகத்தில் டாக்டர் நல்லபடியாகவே ஒத்துழைத்தார். ஆனால் ஆடு அவரிடம் போனது கழுவிக் குளிப்பாட்டிய பிறகு, அதுவும் இரண்டு நாள் கழித்து. லேசான வீக்கம், வேறு காயம் இல்லை, தீவனம் குறைவாக எடுக்கிறது என்று சான்று எழுதினார். எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். பட்டியில் கறுப்பு வெள்ளாடு மூன்று இருக்கிறது, காதில் அடையாள வில்லை இல்லை, டாக்டர் பார்த்தது அந்த ஆடுதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். அந்தப் பெண் கூண்டில் நின்று, “என் ஆடு எனக்குத் தெரியாதுங்களா? அதும் பேரு செவந்தி. கூப்பிட்டா திரும்பும்” என்றார். நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். கறுப்பு ஆட்டுக்குச் செவந்தி என்று பேர் வைத்தது ஏன் என்று நானும் கேட்கவில்லை.

325 நிற்கவில்லை. உரிமையாளருக்கு நஷ்டம் உண்டாக்கும் நோக்கமோ, நஷ்டம் வரும் என்ற அறிவோ அந்த ஆளுக்கு இருந்ததாகக் காட்ட முடியவில்லை. ஆட்டின் விலை போனது வீடியோவால்தானே, அதை எடுத்தது என் கட்சிக்காரர் இல்லையே என்று எதிர்த்தரப்பு கேட்ட கேள்விக்கு உறுதியான பதிலும் என்னிடம் இல்லை. மற்ற இரண்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அத்துமீறலுக்குச் சில ஆயிரம் ரூபாய் அபராதம். ஆட்டை வதைத்ததற்கு 50 ரூபாய். கட்டிவிட்டு அன்று மாலையே ஊருக்குப் போனார். அதே தெருவில் இன்னொரு வீட்டில் ஆடு மேய்க்கவும் போகிறார், அதைத் தடுக்க எங்கள் வழக்கில் நீதிமன்றத்துக்கு வழி இருக்கவில்லை. சிகிச்சைக்கு, மனநல ஆலோசனைக்கு அனுப்பும் வழியும் இந்தப் பிரிவுகளில் கிடையாது. அவருக்கு அது தேவைப்பட்டது என்றே நான் நினைக்கிறேன்.

இதுபோல் நடந்தால் ஆட்டையோ மாட்டையோ கழுவாதீர்கள் என்பதுதான் நான் இப்போது போகிற இடமெல்லாம் முதலில் சொல்வது. 1962 க்குப் போன் போட்டால் நடமாடும் கால்நடை ஊர்தி வரும். வில்லை எண் இருந்தால் புகாரிலேயே எழுதுங்கள், இல்லையென்றால் நிறம், கொம்பு, மச்சம். வீடியோ இருந்தால் போலீசிடம் மட்டும் கொடுங்கள்.

சட்டத்தைத் திருத்த இரண்டு வழி இருக்கிறது. மத்திய அரசு 2022 நவம்பரில் வெளியிட்ட விலங்குவதைத் தடுப்புத் திருத்த வரைவு இதைக் கொடூர வதை என்ற புது வகையில் சேர்த்து, குறைந்தபட்ச அபராதத்தை 50,000 ரூபாயாகவும் சிறையை மூன்று வருடம் வரையாகவும் முன்மொழிந்தது. நல்ல வரைவு, வரைவாகவே நிற்கிறது. இரண்டாவது வழி மாநிலத்தின் கையில். குற்றவியல் சட்டமும் விலங்குவதைத் தடுப்பும் பொதுப்பட்டியலில் இருப்பவை. 2017 ஜனவரியில் தமிழ்நாடு இதே விலங்குவதைச் சட்டத்தைத்தான் ஜல்லிக்கட்டுக்காகத் திருத்திக் குடியரசுத் தலைவர் ஒப்புதலும் வாங்கியது, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதற்காக 2023 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலையையே மறித்த மாவட்டம் எங்களுடையது. எருதுக்காக அவ்வளவு தூரம் போகத் தெரிந்தவர்கள் இதையும் கேட்கலாம். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்ட, புதிய சட்டங்களுக்கே 2025 ஜனவரியில் சட்டமன்றம் திருத்த மசோதா நிறைவேற்றியிருக்கிறது. ஆக, மாநிலத்துக்கு வழி தெரியாமல் இல்லை.

எழுதுவதானால் கனடாவின் இலக்கணத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பேன். பாலியல் நோக்கத்துடன் கூடிய எந்தத் தொடர்பும் என்று இருந்தால் டாக்டரின் சான்றில் காயம் இருக்கிறதா என்று தேட வேண்டியதில்லை, ஆடு யாருடையது என்றும் கேட்க வேண்டியதில்லை. நோக்கம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிடக் கூடாது. இல்லையென்றால் சினை ஊசி போட வரும் ஆளையே பிடிக்காதவர்கள் வழக்கில் இழுப்பார்கள். எங்கள் ஊரில் அதுவும் நடக்கும். வாஷிங்டன் சட்டம் கால்நடை வளர்ப்பின் வழக்கமான வேலைகளுக்கு விலக்கு எழுதி வைத்திருப்பது இதற்குத்தான். பிரிவு காக்னிசபிளாக இருக்க வேண்டும், விலங்கு வளர்க்கத் தடை போடவும் சிகிச்சைக்கு அனுப்பவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் வேண்டும். தண்டனை 20 வருடமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். இரண்டோ மூன்றோ போதும். இவ்வளவும் ஒரேயடியாக முடியாது என்றால், 36 ஆவது பிரிவின் மூன்று மாதத்தை ஒரு வருடமாக்கும் ஒற்றைவரித் திருத்தத்தையாவது முதலில் கொண்டுவரட்டும். அதற்குச் செலவு எதுவும் கிடையாது.